ஊதா ஓரம்

…கேமராவின் மேல் பழி போடக் கூடாது, எடுத்தவனைத்தான் சொல்ல வேண்டும், உச்சி வெயிலில் சூரியனுக்கு நேராகத் தூக்கிப் பிடித்து, லென்ஸை முழுசாகத் திறந்துவைத்துக்கொண்டு, படபடவென்று அமுக்கித் தள்ளிவிட்டுப் போயிருக்கிறான், வெளுத்த வானமும் கறுத்த பொருளும் முட்டிக்கொள்கிற இடத்திலெல்லாம் லென்ஸ் தானாக ஓர் ஊதாக் கோட்டை இழுத்துவைத்திருக்கிறது, உப்பங்கழி ஓரத்துச் சுரபுன்னை மரத்தின் இலை ஒவ்வொன்றுக்கும் ஊதா ஓரம், படகுக் கயிற்றுக்கு ஊதா ஓரம், கொக்கின் கழுத்தைச் சுற்றிக்கூட யாரோ ஜாக்கெட்டுக்கு பைப்பிங் வைத்துத் தைத்த மாதிரி ஊதா, வெண்மதி காலையிலிருந்து இதைத்தான் துடைத்துக்கொண்டிருக்கிறாள், துடைக்கத் துடைக்க அடுத்த படத்தில் இன்னும் ஜாஸ்தியாக இருக்கிறது. கடையில் சின்னதாக பிரிண்ட் போட்டுக் கொடுத்தால் யாருக்கும் தெரியாது, ஆனால் இது அப்படி இல்லை, சுனாமி வந்து அஞ்சு வருஷம் ஆகப்போகிறது என்று ஒரு டிரஸ்ட் சிதம்பரத்தில் கண்காட்சி வைக்கிறது, வாசலில் ஆள் உயர ஃபிளெக்ஸ், கூடவே வழவழ தாளில் ஒரு புத்தகம், பெரிசாக்கினால் ஊதா பல்லைக் காட்டும், அதனால் திருப்பாதிரிப்புலியூரில் இருக்கிற ராபர்ட் அண்ணனின் லேபுக்கு வந்துவிட்டது, ராபர்ட் அண்ணனுக்கு வந்தால் அது வெண்மதிக்கு வந்த மாதிரி. ஒரு நிமிஷம் லென்ஸின் திறப்பைச் சின்னதாக்கி எடுத்திருந்தால் இத்தனை வேலை இல்லையே, யாருக்கு எடுக்கிறோம், எவர் எதிரில் நிற்கிறார் என்று ஒரு நிமிஷம் நின்று யோசித்திருந்தால்… எங்கே யோசிப்பான், கார் நின்றுகொண்டிருந்திருக்கும், டிரைவர் ஹாரன் அடித்திருப்பான்.

அவசரத்துக்கு ஒரு வழி இருக்கிறது, படம் முழுக்க ஊதா நிறத்தை மட்டும் பிடித்து ஒரே இழுப்பில் செத்துப்போக வைத்துவிடலாம், இலைக்கும் கயிற்றுக்கும் அது போதும், அங்கே நிஜ ஊதா எதுவும் கிடையாது. கை பழகிவிட்டது, படம் திறக்கிறதற்குள் விரல் அந்த ஸ்லைடரை இழுத்துவிடுகிறது, இந்தப் படத்துக்கும் அப்படித்தான் இழுத்தாள், இழுத்த பிறகுதான் பார்த்தாள், கடற்கரையில் நிற்கிற ஒரு பொம்பளையின் புடவை சாம்பல் ஆகிப்போயிருந்தது. ஐயோ, புடவையே ஊதா போலிருக்கிறது என்று திரும்ப விட்டாள், ஊதா திரும்பி வந்தது, கூடவே கன்னத்தின் அந்த வெட்டுத் தழும்பும், மூக்கும், காதில் தோடு இருக்க வேண்டிய ஓட்டையில் ஒடித்துச் செருகின ஈர்க்குச்சியும்… அம்மா. அம்மாதான். ஆரோக்கியம்மாள். வெண்மதிக்கு முதலில் தோன்றியது என்ன என்று கேட்டால் வெட்கம்தான், சிதம்பரத்தில் லேடீஸ் ஹாஸ்டல் சமையல்கட்டில் வெள்ளை ஏப்ரன் கட்டிக்கொண்டு நிற்கிற அம்மாவை யாரோ கதவைத் திறந்து உள்ளே பார்த்துவிட்ட மாதிரி, அப்புறம்தான் அந்தப் புடவை ஞாபகத்துக்கு வந்தது, துணி மூட்டையைப் பிரித்து ரோட்டில் கொட்டிவிட்டுப் போனார்களே, அதில் கிடைத்தது, வழுக்கிக்கொண்டு நிற்காது, அம்மா அதை இடுப்பில் ஒரு கயிறு போட்டுக் கட்டியிருந்தாள். இந்தப் படத்தை எப்போது எடுத்தார்கள், அப்போது நான் எங்கே இருந்தேன்? கடலூர் காலேஜ் ஹாஸ்டலில் இருந்து ரோடெல்லாம் அடைத்துவிட்டதால் சுற்றிச் சுற்றி வந்து சேர்ந்தேனே, அதற்கு முன்னாலா, பின்னாலா?

படத்துக்குக் கீழே டிரஸ்ட்காரர்கள் வாசகமும் அடித்து அனுப்பியிருந்தார்கள். 'கணவனையும் படகையும் கடலுக்குப் பறிகொடுத்துவிட்டு உதவிக்குக் கையேந்தி நிற்கும் மீனவப் பெண்.' ஒரு தடவை படித்தாள், இன்னொரு தடவை படித்தாள், கணவனையும், படகையும்… அப்பா சிங்காரம் சிதம்பரத்தில் ஒரு அரிசி குடோன் வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்துகொண்டு இந்நேரம் டீக்கடைக்காரனிடம் சர்க்கரை குறைவு என்று சண்டை போட்டுக்கொண்டிருப்பார், அலை வந்த அன்றைக்கு அவர் திட்டக்குடி பக்கம் கரும்பு வெட்டப் போயிருந்தார், ஒரு துளி தண்ணீர் படவில்லை அவர்மேல், அவரைக் கொன்றுவிட்டார்கள், வழவழ தாளில். சரி, படகு? என்றைக்கு எங்களிடம் படகு இருந்தது? கிள்ளைக்குக் கிழக்கே, ரோட்டுக்கு அந்தண்டை காலனியில், யாரிடம் படகு இருந்தது? அம்மா உப்பங்கழியில் மார்பு வரைக்கும் தண்ணீரில் நின்று, ஓலையில் முடைந்த பறிக்கூடையை வாயில் கவ்விக்கொண்டு, சேற்றில் கையால் தடவித் தடவி எறா பிடிப்பாள், அதுதான் படகு, அம்மாவின் பல்தான் படகு. லாரிகள் வந்தபோது அதைத்தானே கேட்டார்கள், நீங்க கடல்மேல போறவங்களா, இல்லையா, அப்ப இது உங்களுக்கு இல்ல, தள்ளி நில்லுங்க… அலைக்கு மட்டும் எப்படித் தெரியாமல் போயிற்று, அது ஊரென்றும் காலனியென்றும் பார்க்காமல் வந்துவிட்டதே, அரிசிக்கு மட்டும் தெரிந்திருக்கிறது, தார்ப்பாய்க்குத் தெரிந்திருக்கிறது. படகு இல்லை என்பதால் ஒன்றும் கிடையாது என்று விரட்டிவிட்டு, இப்போது அதே பொம்பளைக்குக் கணினியில் ஒரு படகு கட்டி, அதைக் கடலில் மூழ்கடித்து, அவள் அழுகிறாள் என்று எழுதுகிறார்கள். நிஜமாக என்ன போனது என்று ஒருத்தனாவது கேட்டானா? அறிவு போனாள். அறிவுமதி, என் தங்கச்சி, கிறிஸ்மஸுக்கு மறுநாள், புது கவுனைக் கழற்ற மாட்டேன் என்று அதோடு கடல் பார்க்கப் போனவள், கிடைக்கவே இல்லை, ஒரு செருப்புகூட. அவள் பெயர் இந்த வாசகத்தில் எங்கே? அவள் போட்டோ ஒன்றுகூட வீட்டில் மிஞ்சவில்லை, ஸ்கூல் குரூப் போட்டோ இருந்தது, அது வீட்டோடு போயிற்று, ஸ்கூல் பீரோவில் இருந்தது பீரோவோடு போயிற்று…

"என்னா மதி, ஒரே படத்துல குந்திகிட்டு இருக்க? மத்தியானத்துக்குள்ள அனுப்பணும்னாங்க" என்று ராபர்ட் பின்னால் வந்து நின்றான், கையில் பாதி கடித்த வடை. இவனும் காலனியில் பிறந்தவன்தான், பண்ருட்டி பக்கம், கல்யாண வீடியோவுக்கு லைட் தூக்கி லைட் தூக்கி இந்த லேபைப் போட்டவன், அதனால் இவனுக்காவது சுருக்கென்று தைக்கும் என்று நினைத்தாள்.

"ண்ணே, இது எங்கம்மா."

ராபர்ட் சிரித்தான், அவள் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்தினான். "நெஜமாவா?"

"கீழ என்னா எழுதியிருக்காங்கன்னு பாத்தீங்களா? எங்கப்பா செத்துட்டாராம். எங்களுக்குப் படகு இருந்துச்சாம்."

அவன் குனிந்து படித்தான், வடை எண்ணெய் விரலைத் திரைக்குப் பக்கத்தில் கொண்டுவந்தவன் எடுத்துக்கொண்டான். "தப்புதான். ஆனா நம்ம வேல கலரு மதி. எழுத்து அவுங்க பாடு. அதான் அட்டைப் படம் வேற. இடுப்புக்குக் கீழ வெட்டிட்டு மொகமும் கையும் மட்டும் வச்சி சதுரமா குடுக்கச் சொன்னாங்க… கோச்சிக்காத, அந்த டிரஸ்ட்ட வுட்டா வருஷம் பூரா நமக்கு வேற ஆளு இல்ல, ஒனக்கே தெரியும்."

தெரியும். எல்லாம் தெரியும். கலர் நம் வேலை, எழுத்து அவர்கள் பாடு, முகமும் கையும் போதும், கோழிக்கடையில் சொல்கிற மாதிரி. இவன் அக்கா படமாக இருந்தால் இப்படிச் சொல்வானா… சொல்வான், அதுதான் வயிற்றெரிச்சல், சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய்ச் சாப்பிடாமல் படுத்துக்கொள்வான், அவ்வளவுதான். "நம்பர் குடுங்க, நானே பேசறேன்" என்றாள். ராபர்ட் வேண்டாம் என்கிற மாதிரி நின்றான், பிறகு தன் போனிலேயே எண்ணை அழுத்திக் கொடுத்துவிட்டு, அவள் பேசுவது கேட்காத இடமாகப் பார்த்து வாசலுக்குப் போய் நின்றுகொண்டான்.

டிரஸ்டில் கொளஞ்சியப்பன் என்று ஒருவர், குரலில் எப்போதும் ஒரு மேடை இருக்கிறது அவருக்கு. அட்டைப் படத்தில் இருப்பது என் அம்மா என்று சொன்னதும் மகிழ்ந்தே போய்விட்டார். "அடடே, அப்பிடியாம்மா! அம்மாவ தெறப்பு விழாவுக்கு கூட்டியாங்க, மேடையில ஒரு சால்வ போத்திடுவோம்."

"எங்கப்பா உசுரோட இருக்காரு சார்."

"அது வந்தும்மா… ஒரு அடையாளத்துக்குப் போடறது. ஒரு ஆளப் பத்தி இல்ல. அந்த மாதிரி எத்தன பேரு இருந்தாங்க, அவுங்க எல்லாருக்குமா சேத்து…"

"எங்ககிட்ட படகே இருந்ததில்ல சார். படகு இல்லன்னுதான் அன்னிக்கு எங்களுக்கு ஒண்ணும் குடுக்கல. அம்மாவ ஒரு வார்த்த கேக்காம நீங்க அத போடக் கூடாது."

கத்தப்போகிறார் என்று நினைத்தாள், கத்தட்டும், கத்தினால் தானும் கத்தலாம் என்று நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தாள், அஞ்சு வருஷமாகச் சேர்த்துவைத்ததை எல்லாம் கொட்டிவிடலாம், தள்ளி நில்லுங்க என்று சொன்னவர்களுக்கு, ரோட்டில் துணியைக் கொட்டினவர்களுக்கு, எல்லாருக்கும் சேர்த்து. அவர் கத்தவில்லை. "சரிம்மா, ஒங்களுக்கு மனசு கஷ்டம்னா அத எடுத்துடுங்க. அதே மாதிரி இன்னொரு அம்மா இருக்காங்க பாருங்க, நீலப் பொடவ, அதுவும் கைய நீட்டிகிட்டுதான் இருக்கும். அத அட்டைக்கு வச்சிக்கலாம். வாசகம் அதே இருக்கட்டும்" என்றார், சாப்பாட்டில் அவரைக்காய் இல்லையா, சரி, வாழைக்காய் போடுங்கள் என்கிற மாதிரி, ரொம்பத் தன்மையாக, போனை வைத்துவிட்டார்.

ஜெயித்துவிட்டேன் இல்லையா, ஒரு நிமிஷத்தில் ஜெயித்துவிட்டேன், அப்புறம் ஏன் ஜெயித்த மாதிரியே இல்லை? நீலப் புடவையைத் திறந்து பார்த்தாள், யாரோ ஒரு பொம்பளை, அவளுக்கு எந்தப் புருஷனைக் கொன்று எந்தப் படகை மூழ்கடிப்பார்கள், அவளுக்கும் எங்கேயோ ஒரு மகள் இருப்பாளா, இப்படி ஒரு லேபில் உட்கார்ந்து… இதை மட்டும் எப்படி விடுவது, இதையும் விடக் கூடாது, வாசகத்தை மாற்றாமல் ஒரு படமும் இங்கிருந்து போகாது என்று வாசலில் நின்ற ராபர்ட்டிடம் அங்கிருந்தபடியே சத்தமாகச் சொன்னாள். அவன் திரும்பாமலே, "சரி, நான் பேசிக்கறேன், நீ மொதல்ல தண்ணி குடி" என்றான். பேசுவானா? பேசினாலும் பேசுவான். அவன் முதுகைப் பார்த்து ஒன்றும் கண்டுபிடிக்க முடியாது.

தண்ணீர் குடிக்கவில்லை. அம்மாவின் படத்தைத் திரும்பத் திறந்தாள், இனி இது யாருக்கும் வேண்டாத படம், அட்டைக்கு இல்லை, ஃபிளெக்ஸுக்கு இல்லை, மூடிவிட்டு அடுத்ததற்குப் போக வேண்டியதுதான், ஆனால் முடியைச் சுற்றி அந்த ஊதா, புடவை ஊதா இல்லை, மற்றது, அந்தத் திருட்டு ஊதா, அம்மாவின் தலையைச் சுற்றி, தோளைச் சுற்றி ஒட்டிக்கொண்டிருக்கிறது, அவளோடு இதை எப்படி விட்டுவைப்பது? ஸ்லைடர் ஆகாது, அது எது அம்மாவுடையது எது லென்ஸுடையது என்று பார்க்காது, இரண்டையும் சேர்த்துத் தின்னும். சின்ன பிரஷ் எடுத்து, படத்தைப் பெரிசாக்கி, ஓரம் ஓரமாகப் போக வேண்டியதுதான். காற்றில் பறக்கிற முடி ஒவ்வொன்றாக, அப்புறம் காது மடல், அந்த ஈர்க்குச்சி, கழுத்து எலும்பு துருத்திக்கொண்டிருக்கிறது, இவ்வளவா இளைத்திருந்தாள், தோளில் இருந்து இறங்கி, முழங்கை, நீட்டின கை, மணிக்கட்டு… கல்நெஞ்சன், கையேந்தி நிற்கிறாள் என்று எழுத எவனுக்கு மனசு வந்தது, எங்கம்மா யாரிடமும் கையேந்தினதில்லை, பட்டினி கிடப்பாள், ஏந்த மாட்டாள், அப்படியிருக்க இந்தக் கை ஏன் இப்படி நீண்டிருக்கிறது, ஏந்தினாளா, அன்றைக்கு மட்டும் ஏந்தினாளா, ஐயோ அம்மா, ஏந்தினாயா… விரல்களுக்கு வந்தாள். விரல் நகங்கள் தெரிந்தன. நகங்கள் மேலே இருந்தன. பிரஷ்ஷை நிறுத்திவிட்டாள். ஏந்தின கையில் உள்ளங்கை அல்லவா மேலே இருக்கும், இது கவிழ்ந்திருக்கிறது, விரல்கள் ஒட்டி நேராக, ஒரு மேஜைமேல் வைத்த மாதிரி மட்டமாக இருக்கிறது, கீழே மேஜை ஒன்றும் இல்லை.

அம்மாவுக்குப் போன் அடித்தாள். நாலைந்து தடவை அடித்த பிறகுதான் எடுத்தாள், பின்னால் குக்கர் சத்தம், யாரோ பெண்கள் சிரிக்கிற சத்தம். "என்னாடி இந்நேரத்துல, சாப்ட்டியா?"

"எம்மா, அலை வந்தப்ப யாராச்சும் ஒன்ன போட்டோ எடுத்தாங்களா? கடலோரமா. அந்த ஊதாப் பொடவ கட்டியிருக்க. கைய நீட்டிகிட்டு இருக்க."

"எத்தினியோ பேரு எடுத்தானுவோ… கையா?" குக்கர் சத்தம் தூரமாகப் போனது, அம்மா கொல்லைப்புறம் வந்துவிட்டாள் போல. "தாடிக்காரன் ஒருத்தன். அவனுக்குத் தமிழு தெரியாது. கூட வந்தவந்தான் கேட்டான், பொண்ணு எம்மாம் ஒசரம்னு. தேடறவங்ககிட்ட சொல்றோம்னான். காட்டுனேன்."

காட்டினேன் என்று அவ்வளவு சாதாரணமாகச் சொன்னாள். வெண்மதி அப்பாவை, படகை, கொளஞ்சியப்பனை எல்லாம் சொல்லி அம்மாவையும் கோபப்பட வைக்க வேண்டும் என்றுதான் போன் போட்டாள், இருவருமாகச் சேர்ந்து திட்டலாம் என்று, அதில் ஒன்றையும் சொல்லத் தோன்றவில்லை.

"அது இன்னமும் இருக்குதாடி?"

"இருக்குதும்மா. எம் முன்னாடிதான் இருக்குது."

"கைக்குக் கீழ என்னா தெரியுது?"

"மணலு. வேற ஒண்ணுமில்ல."

"கை எது வரைக்கும் இருக்குது? சரியா பாத்து சொல்லு. எனக்கு மறந்துபோச்சிடி அவ ஒசரம். அப்பப்ப செவுத்துல கை வச்சிப் பாக்கறேன், ஒருநாளு இங்க வருது, ஒருநாளு அங்க வருது. ஒங்கப்பாவ கேட்டா அந்தாளு வாயத் தொறக்காம எழுந்து போயிடறாரு. அன்னிக்கு சரியாத்தான் காட்டியிருப்பேன், போயி ரெண்டு நாளுதான ஆச்சி." அம்மா மூக்கை உறிஞ்சினாள், அழுகை இல்லை, வெங்காயமாகக்கூட இருக்கலாம். "அத ஒண்ணு பெருசா போட்டுக் கொண்டா மதி. காலு வரைக்கும் இருக்கட்டும். கீழ வெட்டிடாத."

வெட்ட மாட்டேன். முகமும் கையும் போதும் என்றார்களே, கைக்குக் கீழே இருப்பதைத்தான் வெட்டச் சொன்னார்கள், அவர்களுக்கு அங்கே மணல் தெரிந்தது, எனக்கு மட்டும் என்ன தெரிந்தது, நானும் காலையில் அடித்துப் பிடித்து வெட்டியிருப்பேன். படத்தை முழுசாகத் திரைக்குள் கொண்டுவந்தாள். அம்மாவின் பாதத்தில் இருந்து உள்ளங்கை வரைக்கும் கண்ணால் அளந்தாள், நம்பாமல் ஒரு கோட்டைப் போட்டு இடுப்புக்கு இழுத்துப் பார்த்தாள், இருக்காது, கை கொஞ்சம் தாழ்ந்திருக்கும், அம்மா அசதியில் இறக்கியிருப்பாள், அறிவு இவ்வளவு குள்ளமா, அவள் என் தோளுக்கு வருவாளே, போன வாரம்கூட மஞ்சக்குப்பம் பஸ்ஸில் பாவாடை தாவணி போட்ட ஒரு பெண் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றபோது, அறிவு மாதிரியே நிற்கிறாள் என்று…

"சொல்லுடி, எது வரைக்கும் வருது?"

"ஒன் இடுப்புக்கு மேலம்மா. ஒரு சாணு இருக்கும்."

எங்கேயோ தட்டு விழுந்தது, ஒரு பெண் அம்மாவை ஆயாம்மா ஆயாம்மா என்று கூப்பிட்டாள், அம்மா அதற்குப் பதில் சொல்லவில்லை.

"அவ்ளோதானா?" என்றாள்.

அவ்வளவுதான் என்று சொல்ல வாயெடுத்து, வெண்மதி திரையில் அந்தக் கோட்டின்மேல் விரலை வைத்தாள், அப்படியானால் அம்மாவும் என்னை மாதிரியே அவளை வளர்த்துக்கொண்டு, சிதம்பரத்தில் அந்த ஹாஸ்டல் சுவரில், ஒவ்வொரு வருஷமும் கொஞ்சம் கொஞ்சமாகக் கையை மேலே… என்னிடம் சொல்லாமல்.